குறுக்கு வழியில் ஹஜ் வேண்டாம்!

 

புதுவை முல்லா வீதிப் பெரியவர் ஒருவர் அண்மையில் மதரஸாவிற்கு வந்து ஒரு சீட்டை நீட்டினார். "ஹஜ்ரத், இது சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பயண ஏஜெண்ட் ஒருவர் தந்த ரசீது அது. பதிவு எண் இல்லை, முத்திரை இல்லை. 'விசிட் விசாவில் ஹஜ்' என்று மட்டும் எழுதியிருந்தது. கொடுத்ததோ மனைவியின் நகையை விற்ற பணம்! என் நெஞ்சம் பதறியது.

ஏன் தெரியுமா? 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியசைத் தொட்டது. 1,301 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் எனச் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி பெற்றோருக்குக் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் உண்டு. மற்றவர்களோ நிழலின்றிக் கொடும் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தனர். அதன்பின் எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. உரிமம் போயிற்று; போன உயிர்கள் மீளுமா?

சுற்றுலா விசாவோ, விசிட் விசாவோ ஹஜ்ஜிற்குச் செல்லாது. அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் என 2025-இல் சவூதி அரசு அறிவித்தது. விசாக் காலம் கடந்து தங்கி ஹஜ் செய்ய முயல்வோரை நாடு கடத்தி, 10 ஆண்டுகள் நுழையத் தடை விதிப்பதாகவும் கூறியது.

ஆகவே நேயர்களே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள்:

2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய ஹஜ் கமிட்டி வாயிலாகவோ, மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் அனுமதித்த தனியார் நிறுவனம் வாயிலாகவோ மட்டுமே விண்ணப்பியுங்கள். நிறுவனத்தின் பெயர் அவ்வாண்டுப் பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். பணத்தை வங்கி வழியே செலுத்தி ரசீது பெறுங்கள். விசா வந்ததும் அது ஹஜ் விசாதானா என்று படித்தறிந்தவரிடம் காட்டுங்கள். மக்காவில் 'நுஸுக்' அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். பாஸ்போர்ட் நகலையும், தங்குமிட முகவரியை அரபியில் எழுதிய தாளையும் தனியே வையுங்கள். கைப்பணம் முழுவதையும் ஒரே பையில் வைக்க வேண்டாம்.

'ஏஜெண்ட் நம் மார்க்கத்தவர்தானே, தொழுகையாளிதானே' என்று சொல்லிச் சோதிக்காமல் விடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. முறையான அனுமதி கிட்டும்வரை காத்திருப்பவர் மீது குற்றமில்லை.

ஜமாஅத்தார் துணையுடன் சென்று கேட்டதில், பெரியவருக்குப் பணத்தில் பாதியே திரும்பியது. மீதி போனதே என வருந்தினார். "உயிர் மிஞ்சியதே, அல்ஹம்துலில்லாஹ்!" என்றேன். அடுத்த முறை அவர் ஹஜ் கமிட்டியில் விண்ணப்பிப்பார், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.