ஓடி நின்ற பிறகு ஒரு நிமிடம்

தில்லி, ஓல்ட் ராஜிந்தர் நகர். மே மாதச் சாயங்காலம், ஏழு மணி. ஜிம்மில் ட்ரெட்மில்லை விட்டு இறங்கிய பையனின் சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். மதுரையிலிருந்து குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்தவன். வந்த வேகத்தில் வாசல் கடை ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு எனர்ஜி டிரிங்க் எடுத்து மடமடவென்று குடிக்கிறான். “இது குடிச்சாத்தான் சார் தெம்பு வருது.”

ஓடும்போது இதயம் வேகமாகத் துடிப்பது இயல்புதான். நான் கவலைப்படுவது ஓட்டம் நின்ற பிறகு வரும் அந்த முதல் நிமிடத்தைப் பற்றி. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் மாதிரி. ஓடும்போது அது தளர்கிறது, நின்றதும் மறுபடி பிடிக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள், ட்ரெட்மில் பரிசோதனைக்கு வந்த 2,428 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்து 1999இல் எழுதினார்கள்: முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடையே இறப்பு அதிகம்.

கஃபைன் இங்கேதான் குறுக்கிடுகிறது. உடம்பு களைத்தால் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, ‘போதும்’ என்று நரம்புகளுக்குச் சொல்லும். அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபைன் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, சேதிதான் போய்ச் சேரவில்லை. கூடவே அட்ரினலினும் ஏறுகிறது. 2009இல் ஸ்வீடனில் எனர்ஜி டிரிங்கோடு மதுவும் கலந்து குடித்துவிட்டு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, இதயத் துடிப்பு தணியக் கூடுதல் நேரம் பிடித்தது. பத்துப் பேரிடம் நடந்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் வார இறுதியில் இரண்டையும் கலக்கும் இளைஞர்கள் காதில் இது விழ வேண்டும்.

தில்லியில் தலைமையகம் கொண்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எனர்ஜி டிரிங்குக்கு விதித்த வரம்பு, லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் கஃபைன். 250 மில்லி பாட்டிலில் 75 வரை இருக்கலாம். ஒரு காபி அளவுதானே என்பார்கள். காபியை ஆற்றி, உட்கார்ந்து குடிக்கிறோம். இதையோ இதயம் படபடக்கும்போது, தாகத்துக்குத் தண்ணீர்போலக் குடிக்கிறார்கள். நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்ற எச்சரிக்கை பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது தண்ணீர், உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ்.

குடித்த கஃபைனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்தது நள்ளிரவிலும் பாதி பாக்கி. அதைச் சொன்னதும் பையன் தலையாட்டினான். “ஆமா சார், ராத்திரி தூக்கமே வரல. அதான் காலைல கிளாஸுக்கு முன்னாடி இன்னொண்ணு.”