பெரிய ஏரிகளில் விரால் மீனை அறிந்து பிடித்தல்

பாசனத்திற்காக அமைந்த ஏரிகள் நெல்லுக்கு நீர் தருவதோடு, ஊராருக்கு மீனும் தருகின்றன. ஏரி மீன்களுள் விராலுக்கு உள்ள மதிப்பு பெரிது. அதன் சதையில் முள் குறைவு. நோயினின்று தேறுவோர்க்குப் பத்தியமாகவும் கொடுக்கப்படுகிறது. உயிரோடு நெடுநேரம் இருப்பதால் சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது. ஆயினும் சிறு குட்டையில் விரால் பிடிக்க அறிந்த குடியானவர் பலர், பெரிய ஏரியின் கரையில் நின்றால் திகைத்துப் போகின்றனர். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீராயிருக்கும்போது மீன் எங்கேயுள்ளதென்று எவ்வாறு அறிவது என்பதே அவர்கள் கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவதும், விராலை எக்காலத்தில் பிடித்தல் ஆகாது என்பதை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

விராலின் இயல்பு

விரால் குடும்பத்தில் நமது ஏரிகளில் மிகுதியாகக் காணப்படுவன மூன்று. கருமை கலந்த உடலும் வெளுத்த வயிறும் உள்ள சாதாரண விரால், சேறும் பாசியும் நிறைந்த ஆழமற்ற நீரை விரும்பும். வால் அடியில் கண் போன்ற புள்ளியையுடைய பூவிரால் மிகப் பெரிதாக வளர்வது. தெளிந்த, ஆழமான நீரை நாடுவது. குரவை என்பது சிறியது. வாய்க்காலிலும் பள்ளத்திலும்கூட வாழ்வது. இக்கட்டுரையில் கூறப்படுவது முக்கியமாகச் சாதாரண விராலைப் பற்றியதாகும்.

விராலைத் தேடுவோர் அதன் இரண்டு குணங்களை மனத்தில் வைத்தல் வேண்டும். முதலாவது, அது காற்றை நேரே உட்கொண்டு சுவாசிக்கும் மீன். அதன் தலையினுள் செவுள்களுக்கு மேலாக ஓர் அறை உண்டு. நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றைக் கவ்வி அவ்வறையில் நிரப்பிக்கொள்ளும். மேலே வரவொட்டாமல் தடுத்தால் நீரிலேயே மூச்சடைத்து இறந்துபோகும். ஆகையால் எவ்வளவு மறைவாயிருப்பினும், விரால் இடைவிடாது தன்னைக் காட்டிக்கொண்டே தீரும்.

இரண்டாவது, அது துரத்தி வேட்டையாடும் மீனன்று. பதுங்கியிருந்து பாயும் மீன். சிறு மீன், இறால், தவளை, பூச்சி ஆகியவை அருகே வரும்வரை அசையாமல் காத்திருக்கும். காத்திருப்பதற்கு மறைவு வேண்டும். பாய்வதற்குச் சிறிது திறந்த வெளியும் வேண்டும். மறைவும் வெளியும் சந்திக்கும் எல்லையே விராலின் இருப்பிடம். இதனை அறிந்தவனுக்கு ஏரியின் பெரும்பகுதி உடனே விலகிப்போகும். தேட வேண்டிய இடம் சிறிதாகிவிடும்.

ஏரியின் அமைப்பை அறிதல்

வீராணம் ஏரியை உதாரணமாகக் கொள்வோம். முதலாம் பராந்தக சோழனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் விளங்கிய இவ்வேரி, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ளது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக அதற்கு நீர் வருகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்தின் குடிநீருக்கும் அது உதவுகிறது. இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பில் நடுவெளியில் தூண்டில் போட்டு விராலுக்குக் காத்திருப்பது வீண் வேலை. அங்கே கெண்டை இனங்கள் திரியலாம். விராலுக்குப் பதுங்க இடமில்லை.

எந்த ஏரியாயினும் அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்து நோக்குவது நலம். முதலாவது கரையோரம். இங்கே நீர் ஆழமானது; அலைகற்களின் சந்துகளில் சிறு மீனும் இறாலும் ஒதுங்கும்; அவற்றைத் தேடி விரால் அந்தியில் வரும். இரண்டாவது மதகும் கலிங்கும். நீரோட்டம் இரையைக் கொண்டு சேர்ப்பதால், ஓட்டத்திற்குச் சற்று ஒதுங்கிய மூலைகளில் விரால் நிற்கும். மூன்றாவது, கரைக்கு எதிர்ப்புறமாகிய நீர்பிடிப்பு நிலம். கோரை, சம்பு, அல்லி, தாமரை ஆகியவை வளர்ந்தும், கருவேல மரங்களின் அடி நீரில் மூழ்கியும் இருக்கும் இவ்விடமே விராலின் தலையான வாசஸ்தலம். நான்காவது, வாய்க்காலும் ஓடையும் ஏரியில் விழும் வாய்ப்பகுதியும், கரைக்கு மண் எடுத்த பழங்குழிகளும் ஆகும்.

கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது ஒருமுறை அதனுள் நடந்து பார்ப்பது, நீர் நிறைந்தபின் பல நாள் அலைவதினும் மேலானது. ஓடைகள் எவ்வழி செல்கின்றன, குழிகள் எங்கே உள்ளன, மரக்கட்டைகள் எங்கே கிடக்கின்றன என்பவற்றை அப்போது குறித்துக்கொள்ளலாம். கரையிலுள்ள பனைமரம், கோயில், மதகு முதலியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டால், நீர் மூடிய பிறகும் அவ்விடங்களைத் தவறாமல் அடையலாம்.

பருவத்தால் வரும் மாறுதல்

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதுநீர் நீர்பிடிப்பின் புல்வெளிகளில் பரவும். அந்நீரில் பூச்சியும் சிறு மீனும் பெருகுவதால் விரால்கள் அங்கே சிதறிச் செல்லும். அக்காலத்தில் முழங்கால் ஆழமுள்ள புல்லிடையிலும் பெரிய விரால் காணப்படுவதில் வியப்பில்லை. தை, மாசி மாதங்களில் பாசனத்தால் நீர் இறங்க இறங்க, மீன்களும் ஓடைகளின் வழியே பின்வாங்கி அல்லித் திட்டுகளையும் குழிகளையும் அடையும். நீர் இறங்கும் இப்பருவமே தூண்டிலுக்கு மிக ஏற்றது. மீன் கொழுத்திருக்கும், இருக்குமிடமும் குறுகியிருக்கும். கோடையில் மீதமுள்ள மடுக்களில் அவை நெருங்கி வாழும். நீர் முற்றும் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து சில காலம் உயிர் தாங்கும் திறமையும் விராலுக்கு உண்டு.

நாளின் வேளைகளில், பொழுது புலரும் நேரமும் அந்தி நேரமும் சிறந்தவை. நண்பகலில் விரால் இலை நிழலின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். மப்பும் மந்தாரமுமாய் உள்ள நாளில் பகலிலும் இரை எடுக்கும்.

நீர்ப்பரப்பில் காணும் குறிகள்

இடத்தைத் தேர்ந்தபின் உடனே தூண்டிலை வீசாமல், கால் மணி நேரமேனும் அசையாது நின்று நீரைப் பார்த்தல் வேண்டும். காற்று வாங்க எழும் விரால் நீர்மட்டத்தில் சிறு வளையம் ஒன்றை உண்டாக்கி, ஒன்றிரண்டு குமிழிகளை விட்டு மறையும். 'குளுக்' என்று மெல்லிய ஓசையும் கேட்கும். கெண்டை துள்ளினால் உடல் வெளியே தெரியும், ஓசையும் பெரிதாயிருக்கும். இரண்டையும் மாற்றிக் கொள்ளலாகாது. ஓரிடத்தில் வளையம் எழுந்தால், சற்று நேரம் கழித்து அதே மீன் அதன் அருகிலேயே மறுபடியும் எழக்கூடும். காற்றில்லாத வேளையில் அல்லித் தண்டு மட்டும் நடுங்குவதும், சிறு மீன் கூட்டம் திடீரென்று சிதறித் துள்ளுவதும் விரால் பதுங்கியிருப்பதற்கு அடையாளங்கள். தன் நிழலை நீரில் விழவிடாமலும், கரையில் தடதடவென்று நடவாமலும் இருத்தல் அவசியம். விரால் அதிர்ச்சியை விரைவில் உணரும்.

தூண்டிலும் இரையும்

பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள உறுதியான மூங்கிற்கோலும், தடித்த நைலான் நரம்பும், வலிய முள்ளும் போதும். பாசிக்குள் பாயும் மீனாகையால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும். நெட்டியால் மிதப்புக் கட்டலாம்.

இரையாகச் சிறு கெண்டைக் குஞ்சு, இறால், மண்புழு ஆகியவை பயன்படும். தவளையைக் கோத்துப் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் வயலில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளையை ஒரு மீனுக்காக அழிப்பது உழவனுக்கு லாபமாகாது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-ஆம் ஆண்டில் தடை செய்ததையும் இங்கே நினைவிற்கொள்க. ரப்பரால் செய்த தவளை இப்பொழுது கடைகளில் கிடைக்கிறது. அதனை இலைகளின்மேல் மெல்ல இழுத்து, இடைவெளியில் நீரில் நழுவவிட்டால் விரால் பாய்ந்து கவ்வும்.

இரையை அல்லித் திட்டின் நடுவில் போடாமல், அதன் விளிம்பிலும், இலைகளிடையே காணும் கிண்ணம் போன்ற வெளிகளிலும் இறக்குதல் வேண்டும். விரால் கவ்வியவுடன் இழுப்பது பலர் செய்யும் பிழை. அது இரையைக் கவ்வி, திரும்பிய பின்னரே விழுங்கும். மிதப்பு முற்றிலும் மூழ்கிப் பக்கவாட்டில் நகரும் வரை பொறுத்திருந்து, பின் ஒரே வீச்சாக மேல்நோக்கி இழுத்து, பாசியில் சுற்றிக்கொள்ள இடங்கொடாமல் கரை சேர்க்க வேண்டும். ரப்பர்த் தவளையாயின் அதனை நெடுநேரம் வாயில் வைத்திராது. ஆதலால் நரம்பு இறுகியதும் இழுத்துவிடலாம்.

பிடித்த மீனை உயிரோடு கொண்டுபோவோர் பானையை விளிம்புவரை நீரால் நிரப்பி மூடலாகாது. மீன் நனையும் அளவு நீரும், மேலே காற்றுக்கு இடமும் இருந்தாலே அது பிழைக்கும். உடலில் சிவந்த புண்கள் உள்ள மீனை வேறு குளத்திலோ கிணற்றிலோ விடுதல் கூடாது. 1988-ஆம் ஆண்டில் இந்தியாவினுள் புகுந்த புண் நோய் விரால் இனத்தை மிகவும் தாக்கியது. நோயுள்ள மீனை இடம் மாற்றுவது நோயையும் கூடவே கொண்டுபோவதாகும்.

குஞ்சு காக்கும் காலம்

இனிக் கூறப்போவது மிகவும் கவனிக்கத்தக்கது. விரால் பெரும்பாலும் மழைக்காலங்களில் இனம் பெருக்குகிறது. ஆணும் பெண்ணுமாக இணைந்து, பாசியிடையே வட்டமான ஓரிடத்தைத் துப்புரவு செய்து முட்டையிடும். பொன்னிறமான முட்டைகள் எண்ணெய்ப் பசையால் நீரில் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் செந்நிறமுள்ளவை. அவை பந்துபோல் திரண்டு, காற்றுக்காக மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும். நீரே கொதிப்பதுபோல் அவ்விடம் தோன்றும். அப்பந்தின் கீழே பெற்றோர் ஏறத்தாழ ஒரு மாத காலம் காவல் நிற்கும்.

பெரிய ஏரியில் விராலைக் கண்டுபிடிப்பதற்கு இதனினும் எளிய குறி வேறில்லை. பிடிப்பதற்கும் இதனினும் எளிய தருணம் இல்லை. குஞ்சுப் பந்தின் வழியே எதை இழுத்தாலும், பசியால் அன்றிச் சினத்தால் தாய் மீன் பாய்ந்து கவ்வும். சிறுவனும் பிடித்துவிடுவான். அதைத் திறமையென்று எண்ணி மகிழ்வோரும் உண்டு. ஆனால் காவல் நீங்கிய அக்குஞ்சுகளின் கதி யாது? கெளிற்று மீனும், குரவையும், நீர்ப்பாம்பும், கொக்கும் அவற்றை விரைவில் தின்று தீர்க்கும். முட்டைகள் ஆயிரக்கணக்கில் இடப்படுவதால், நூற்றுக்கு ஒன்று வளர்ந்து பெரிதானாலும் பத்துக்குக் குறையாத விரால்கள் ஏரிக்குக் கிடைக்கும். ஒரு மாதம் பொறுக்காமல் ஒரு மீனைப் பிடித்தவன், அடுத்த ஆண்டுகளின் பத்து மீனை அன்றே இழந்தவனாகிறான்.

இது நம் நாட்டு மீனுக்கு மட்டும் உரிய செய்தியன்று. வட அமெரிக்க ஏரிகளில் தூண்டிற்காரர்கள் பெரிதும் விரும்பும் பாஸ் என்னும் மீனும், விராலைப்போலவே செடியோரங்களில் பதுங்கிப் பாய்வது. அதன் ஆண் மீன் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் காப்பது. காவல் நிற்கும் ஆணை அகற்றினால் மற்ற மீன்கள் கூட்டைச் சூறையாடுவதை அங்குள்ள ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். கானடாவின் தென் ஒண்டாரியோவில் பல நீர்நிலைகளில், பாஸ் மீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பருவம் ஜூன் மாதத்தின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. முட்டையிடும் வசந்த காலத்து மீனைக் காப்பதே அதன் கருத்து. நம் ஊரார் சட்டத்திற்குக் காத்திராமல், செந்நிறக் குஞ்சு தோன்றும் இடத்தில் தூண்டில் போடுவதில்லை என்று தமக்குள்ளேயே கட்டுப்பாடு செய்துகொள்ளலாம்.

விலக்க வேண்டியவை

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமென விதித்தது. நஞ்சிட்ட நீர் கால்நடைக்கும் மனிதருக்கும் கேடு. கோடையில் கடைசி மடுவையும் இறைத்துச் சேற்றைக் கிளறி விராலை வேரறுப்பதும் தகாது. ஒரு மடுவையேனும் விட்டுவைத்தால் அதுவே மறு ஆண்டுக்கு விதையாகும். மதகின் வாயில் வலை கட்டி நீரோட்டத்தைத் தடுப்பதும், அலைகற்களைப் பெயர்ப்பதும் பாசனத்திற்கும் கரைக்கும் தீங்கு செய்வன. பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதால், உரியவரிடம் அனுமதி பெற்ற பின்னரே தூண்டிலைக் கையிலெடுத்தல் முறை.

சுருங்கக் கூறின், கோடையில் ஏரியின் அடியைப் பார்த்து வைத்துக்கொள்க. நீர் இறங்கும் பருவத்தில் பாசியின் விளிம்பைத் தேடுக. காலையும் மாலையும் நீரில் எழும் வளையத்தைக் கவனிக்க. குஞ்சோடு உள்ள விராலைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அப்பால் செல்க. விதை நெல்லை உண்ணாது காக்கும் உழவர்க்கு இந்நெறி புதிதன்று. அதனை ஏரிக்கும் கைக்கொள்வாராயின், விரால் நம் ஏரிகளில் என்றும் குறைவின்றிப் பெருகும்.