முகம் மங்குவது ஏன்?

தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவிலும் பலர் குடும்பத்துடன் படம் எடுப்பர். அப்படத்திலிருந்து தம் முகத்தை மட்டும் வெட்டி, வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் சுயவிவரப் படமாக வைத்தால், அது மங்கலாகத் தெரிகிறது. ஏன்?

ஒளிப்படம் படப்புள்ளிகளால் ஆனது. 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் ஏறத்தாழ 4,000 புள்ளிகள். பத்துப் பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்தின் அகலத்திற்குச் சில நூறு புள்ளிகளே கிடைக்கும். அவற்றைப் பெரிதாக்கினால் தெளிவு குறையும்.

மேலும், தரவைச் சிக்கனப்படுத்தப் புலனம் படத்தைச் சுருக்கும்போது நுண்விவரங்கள் நீங்குகின்றன. நண்பர் புலனத்தில் அனுப்பிய படத்தையே மீண்டும் பதிவேற்றினால், அது மறுமுறையும் சுருங்கும். நீங்கிய விவரம் திரும்ப வராது.

எனவே, மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுங்கள். நல்ல வெளிச்சத்தில் அருகிலிருந்து தனியே எடுத்த படம் இன்னும் சிறந்தது. புலனம் படத்தை வட்டமாகக் காட்டுவதால், முகம் நடுவில் இருக்கட்டும்.

தெளிவான படத்தை ஏமாற்றுக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடும். ஆகவே, தனியுரிமை அமைப்பில், உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளோர் மட்டுமே அதைப் பார்க்குமாறு செய்துவிடுங்கள்.