தொழில் இழந்த வேட்டை நாய்

ஆங்கிலேயரின் ஸ்பானியல் நாய், புதரில் பதுங்கிய பறவையை மோப்பத்தால் எழுப்பிவிடுவது. நமது சிப்பிப்பாறை நாயோ இரையைக் கண்ணால் கண்டு துரத்துவது. கரிசல் வெளியில் முயலின் பின்னே பாய்வதற்கென்றே நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் அதற்கு வாய்த்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, அது நன்றே. ஆயினும் நாயின் தொழில் போயிற்று.

தொழில் போனால் அழகுக்காகவே வளர்ப்பர். இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தனர். ஆனால் தூய வெண்ணிறமே வேண்டுமென்று தேர்ந்து பெருக்கியதால், அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகளும் பிறக்கின்றன.

எங்கள் பெரம்பலூர்ச் சீமையில் ஆட்டுப்பட்டியும் உண்டு, சோளக்கொல்லையும் உண்டு. அங்கே இந்நாய்களுக்குக் காவற்பணி தருக என்பேன். உழைக்கும் இனமே உரம் குன்றாது நிலைக்கும்.