பூனை கவ்விய குருவி: ரத்தம் இல்லையென்றாலும் ஆபத்துதான்

லயத்து வாசலில் பூனை கவ்விய கொண்டைக்குருவியை மீட்டதும், ரத்தம் இல்லையே என்று பலர் பறக்கவிட்டுவிடுகின்றனர். அங்கேதான் தவறு. பூனையின் எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஊசிமுனைக் காயம் வழியாகவே ரத்தத்தில் கலந்து, ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடக்கூடும். கிருமிக்கொல்லி மருந்து சீக்கிரம் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு.

துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பறவையை வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவே வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்தும் குஞ்சு பெரும்பாலும் அநாதையல்ல. தாய் பக்கத்திலேயே இருக்கும். காயமில்லையென்றால் கிளையில் ஏற்றிவிடுங்கள். பூனைக்கு மணி கட்டியாயிற்றே என்பார்கள். சத்தம் கேட்டாலும் அந்தக் குஞ்சால் பறக்க முடியாதே! சில நாள் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.