தனி வகுப்பு உதவியா, ஒதுக்கலா?

பிள்ளை இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டான். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டு, "மருத்துவரிடம் காட்டுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்துவிடலாம்" என்கிறார். ஜொகூர், லாயாங் லாயாங் போன்ற சிற்றூரில் இதைக் கேட்கும் குடும்பத்துக்கு முதலில் பயம் வருகிறது, அடுத்து அலைச்சல் வருகிறது. பெரிய மருத்துவமனை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் குளுவாங்கில்தான் இருக்கிறது. தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பரிசோதனை, சமூகநல இலாகா பதிவு, கல்வி இலாகா என்று நடந்து முடிந்த களைப்பில், நீட்டிய பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கையெழுத்தின் விளைவு என்ன என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

நம் நாட்டில் 'கற்றல் சிக்கல்' என்ற ஒரே பிரிவுக்குள் பல வகைப் பிள்ளைகள் அடங்குகிறார்கள். டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு, கவனச் சிதறல், டிஸ்லெக்சியா எல்லாம் அதில் உண்டு. ஆனால் டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவு அல்ல. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கில் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கு நன்றாக வரும், கதையை வாயால் சொல்ல வரும், எழுத்து மட்டும் பிடிபடாது. இப்படிப்பட்ட பிள்ளையையும், உடை மாற்றவே உதவி தேவைப்படும் பிள்ளையையும் ஒரே அறையில், பெரும்பாலும் வயது வேறுபாடும் பாராமல், உட்கார வைத்தால் இருவரில் ஒருவருக்கு நிச்சயம் நட்டம்.

அந்த வகுப்பின் பாடத்திட்டம் தன்னைப் பார்த்துக்கொள்வது, அன்றாட வாழ்க்கைத் திறன், அடிப்படை எழுத்து, எண் ஆகியவற்றுக்கு அதிக இடம் தருகிறது. அது தேவைப்படும் பிள்ளைகளுக்கு அருமையான திட்டம். டிஸ்லெக்சியா பிள்ளைக்கோ, ஆறு ஆண்டுகளில் அறிவியலும் கணக்கும் கைநழுவிப் போகின்றன. இடைநிலைப்பள்ளியில் வழக்கமான வகுப்புக்குத் திரும்பலாம் என்றால், நடுவில் விட்ட பாடங்களை யார் சொல்லித் தருவது? எஸ்.பி.எம். தேர்வு அப்போதே எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. உள்ளே போக அகலமாகத் திறக்கும் கதவு, வெளியே வர அத்தனை எளிதில் திறப்பதில்லை. போதாக்குறைக்கு ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பு சில தமிழ்ப்பள்ளிகளில்தான் இருக்கிறது. அருகில் இல்லையென்றால் பிள்ளை தேசியப் பள்ளிக்கு மாற வேண்டும். மொழியில்தான் தடுமாற்றம் என்று கண்டுபிடித்துவிட்டு, வீட்டு மொழியையும் பறித்துக்கொள்வது என்ன வைத்தியம்?

தமிழ் எழுத்துக்கும் தனிச் சோதனைகள் உண்டு. ல, ள, ழ ஒரு பக்கம். ன, ண, ந மறு பக்கம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. பக்கத்திலேயே மலாயும் ஆங்கிலமும் வேறு எழுத்தில். இத்தனையையும் பார்க்காமல், பிள்ளைக்குப் பழக்கமில்லாத மொழியில் கேள்வி கேட்டு அறிவை அளந்தால் தவறான முடிவு வர வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. தனி வகுப்புகளில் ஏழை, சிறுபான்மைப் பிள்ளைகளே நிறைந்திருப்பதை லாய்ட் டன் என்ற கல்வியாளர் 1968ல் சுட்டிக்காட்டினார். கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனை மூலம் அத்தகைய வகுப்புகளுக்கு அனுப்பியது தவறு என்று 1979ல் கலிபோர்னியாவில் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அதற்காகச் சிறப்புக் கல்வியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர், சிறிய வகுப்பு, மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை எல்லாம் சாதாரணமானவை அல்ல. முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பின் கடைசி வரிசையில் உதவியின்றி உட்கார வைப்பதும் ஒதுக்கல்தான். சொல்லப்போனால், அது இன்னும் மோசமான ஒதுக்கல். தேவைப்படுவது நடுவழி. சென்னையில் 1991ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், சாதாரணப் பள்ளிகளுக்குள்ளேயே உதவி அறை அமைக்க ஆசிரியர்களைப் பழக்குகிறது. பிள்ளை நாளில் கொஞ்ச நேரம் அங்கே வாசிக்கப் பழகிவிட்டு, மீதி நேரம் தன் நண்பர்களோடு இருக்கிறான்.

மலேசியாவிலும் அதற்கு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினரை 2025க்குள் உள்ளடங்கிய கல்வியில் சேர்ப்பதை இலக்காக வைத்தது. அதில் முழுமையாகச் சேர்வதும் உண்டு, சில பாடங்களுக்கு மட்டும் சேர்வதும் உண்டு. சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை சோதனைக் காலமும் இருக்கிறது.

ஆகவே பெற்றோர் முதலில் மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் எழுதியிருப்பது டிஸ்லெக்சியாவா, வேறொன்றா என்று விளக்கம் கேட்க வேண்டும். எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். கணக்கு, அறிவியல், உடற்கல்வியையாவது வழக்கமான வகுப்பில் படிக்க அனுமதிக்கும்படி தலைமையாசிரியரிடம் கடிதமாகக் கொடுக்கலாம். அந்தச் சோதனைக் காலம் முடிவதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.