பிளஸ் டூவை வெளிநாட்டில் படித்தால் என்ன லாபம்?

செட்டிநாட்டுப் பையன்களைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றுவது புது வழக்கமில்லை. மீசை அரும்பும் முன்பே ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப் பழகி அடுத்தாளாவான். கெட்டிக்காரன் என்றால் மேலாளாகிக் கடையையே நடத்துவான். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழையும்வரை பல வீடுகளுக்குக் கல்லூரியும் அதுதான். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயலில் இன்று ஒரு குடும்பம் பிள்ளையை அனுப்ப நினைத்தால், போவது கடைக்கல்ல, பதினொன்றாம் வகுப்புக்கு.

நம் ஊரில் 1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. அந்த இடத்தில் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் இருப்பது ஏ லெவல். மலேசியாவில் பதினோராம் ஆண்டு எஸ்பிஎம் தேர்வை எழுதிவிட்டு எஸ்டிபிஎம், ஏ லெவல், ஃபவுண்டேஷன் என்று பிரிந்து போகிறார்கள்.

முதல் லாபம் படிப்பின் ஆழம். இங்கே ஆறு பாடம், 600 மதிப்பெண். பிரிட்டனில் பெரும்பாலும் மூன்றே பாடம், இரண்டு ஆண்டு. கணக்குப் பிடித்தவன் கணக்கிலேயே ஊறிக் கிடக்கலாம். எதைப் படிப்பது என்று பதினாறு வயதில் தெரியாத பிள்ளைக்கு இதுவே கண்ணியாகவும் ஆகும். சிங்கப்பூரில் ஜெனரல் பேப்பர் என்றொரு பாடம் உண்டு. பொது விஷயம் ஒன்றை எடுத்து, இரு தரப்பு நியாயத்தையும் எழுதி வாதாட வேண்டும். கோனார் உரை கைகொடுக்காத இடம் அது. கல்லூரி முதலாண்டில் நம் பிள்ளைகள் திணறுவதும் பெரும்பாலும் இப்படிச் சொந்தமாக எழுதும்போதுதான்.

இரண்டாவது, காலம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வு எழுதும் முன்பே, ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் நடுவிலேயே கதவு சாத்தப்படும். அங்குள்ள பள்ளிகள் இந்த நாள்காட்டியை வைத்தே இயங்குகின்றன. ஜெர்மனியிலோ நம் பிளஸ் டூ மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே ஓராண்டு கல்லூரி, ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்ச்சி என ஏதாவது கூடுதலாக வேண்டும். ஆகவே பட்டப்படிப்பும் வெளிநாட்டில்தான் என்று முடிவெடுத்த வீட்டுக்கு இந்த இரண்டு ஆண்டு வீண்செலவல்ல.

முடிவெடுக்காத வீட்டுக்குத்தான் சிக்கல். இந்தியாவுக்குத் திரும்பி எம்.பி.பி.எஸ். சேர நீட் எழுதியே ஆக வேண்டும். ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்திருந்தாலும், நீட்டின் பாடத்திட்டத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஊரைவிட்டுப் போனால் இரண்டும் கைநழுவும். சிங்கப்பூரில் சித்தப்பா வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலும் ஓராண்டில் முடிவதால் செலவு குறைவாகத் தெரியும். ஆனால் அதை நடத்தும் பல்கலைக்கழகமும் அதனோடு தொடர்புள்ள சிலவும்தான் பெரும்பாலும் ஏற்கும். ஏ லெவலோ பல நாடுகளில் செல்லும். இந்தியாவில் சமநிலைச் சான்று பெறப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு வேண்டும் என்று யுஜிசியின் 2025ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பத்தாவது முடித்து ஓராண்டு ஃபவுண்டேஷன் போனவருக்குக் கணக்கு பதினொன்றில் நின்றுவிடும். ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாமல், சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வங்கிக் கல்விக்கடனும் பெரும்பாலும் பட்டப்படிப்புக்குத்தான். இந்த இரண்டு ஆண்டு கைக்காசு.

சான்றிதழ் மட்டும்தான் தேவை என்றால் கடல் தாண்டவே வேண்டாம். ஏ லெவல் நடத்தும் பள்ளிகள் சென்னையில் இருக்கின்றன. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியில் ஐபி என்ற பன்னாட்டுச் சான்றிதழ்ப் படிப்பு 1976 முதலே உண்டு. கட்டணம் அங்கேயும் குறைவில்லை, ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே பஸ் ஏறிவிடலாம்.